மூன்று வாரமாக வராத பில்

நான்கு வருடங்களுக்கு முன்பு, மார்ச் மாதத்தின் கடைசி வாரம். பெங்களூரு ஆடுகோடியில், ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்த எங்கள் சின்ன அலுவலகத்தில் தொடங்கியது இது. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் கணவரிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

நான் ஒரு நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, அங்கே பழக்கமான ஒரு டாக்டர் அம்மா தொடங்கிய அறக்கட்டளையில் சேர்ந்தேன். புற்றுநோய் முற்றிப்போய், இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் இல்லையா, அவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. வலிக்கு மாத்திரை கொடுப்போம், புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவோம், மூக்கில் போட்ட உணவுக் குழாயை மாற்றுவோம், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவோம். எல்லாம் இலவசம். ஆரம்பத்தில் டாக்டர் அம்மா, நான், இன்னொரு நர்ஸ், தெரிந்தவர் ஆட்டோ ஒன்று. அவ்வளவுதான் அறக்கட்டளை.

நர்ஸிங் சேருவதற்கு முன் பி.யு.சி.யில் நான் காமர்ஸ் படித்தவள். அதனால் கணக்கு எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது தப்பு. நானே ஆசையாக எடுத்துக்கொண்டேன். ஒரு நீளமான நோட்டு, பில்களைப் போட்டு வைக்க ஒரு பிஸ்கட் டப்பா, இவற்றைத் தவிர வேறொன்றும் அப்போது தேவைப்படவில்லை.

பிறகு மளமளவென்று வளர்ந்தோம். ஒரு கம்பெனி வேன் வாங்கித் தந்தது. இன்னொரு இடத்திலிருந்து இரண்டு நர்ஸ்களுக்குச் சம்பளம் வந்தது. வேறு ஒருவர் மருந்துக்கு மட்டும் என்று கொடுத்தார். கொடுத்த ஒவ்வொருவருக்கும் அவரவர் பணம் எப்படிச் செலவானது என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். பிஸ்கட் டப்பா போய் அட்டைப் பெட்டிகள் வந்தன. வாரத்தில் ஐந்து நாள் நோயாளிகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த நான் மூன்று நாளுக்கு வந்தேன், பிறகு இரண்டு நாள்.

டாக்டர் அம்மா கன்னடக்காரர். எங்களோடு பழகிப் பழகி நன்றாகவே தமிழ் பேசுவார். அந்த மார்ச்சுக்கு முந்தைய டிசம்பரிலேயே என்னிடம் ஒரு தடவை கேட்டார். “இந்தக் கணக்கெல்லாம் வெளியில ஒரு ஆபீஸ்ல கொடுத்துடலாமா? மாசாமாசம் அவங்களே பார்த்துக்குவாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. “எதுக்கு மேடம்? பேஷன்ட்டுக்குன்னு தர்ற காசைத் தூக்கி வெளியாளுக்குக் குடுக்கறதா? நான் பார்த்துக்கறேன்” என்றேன். அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. அன்றைக்கு அப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் நோயாளிகளில் ஒருவர் ஆடுகோடியிலேயே இருந்தார். அலுவலகத்திலிருந்து நடந்தால் பத்து நிமிடம். பீன்யாவில் லேத் பட்டறையில் வேலை செய்தவர். நாக்கில் புற்றுநோய். ஆபரேஷனில் நாக்கை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் கழுத்துக்குப் பரவிவிட்டது. பேச முடியாது. எழுதிக் காட்டுவார், அல்லது கையைப் பிடித்து அழுத்துவார். மனைவி ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனார். அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அதனால் பகலில் அந்த மனிதர் தனியாகத்தான் இருப்பார்.

போனில் பேச முடியாது என்பதால் எனக்கும் அவருக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு மிஸ்டு கால் கொடுத்தால், நேரம் கிடைக்கும்போது வாருங்கள் என்று அர்த்தம். இரண்டு கொடுத்தால் வலி. மூன்று என்றால் உடனே வர வேண்டும். மெசேஜ் அனுப்பலாமே என்று நான் சொன்னபோது, வலி வந்தால் எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

முதலில் சொன்ன அந்த மார்ச் மாத நாள்தான், வேன் வாங்கித் தந்த கம்பெனிக்கு வருடக் கணக்கு அனுப்பக் கடைசி நாள். டீசல் பில் ஒன்று குறைந்தது. ஒரே ஒரு பில். பெட்டி பெட்டியாகத் தரையில் கொட்டித் தேடிக்கொண்டிருந்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. மருந்துக் கடைக்காரர், புது நர்ஸ், வேன் டிரைவர் என்று மாறி மாறி. எரிச்சலில் அதைச் சைலன்ட்டில் போட்டு மேஜை டிராயருக்குள் வைத்தேன்.

நான்கு மணிக்குப் பில் கிடைத்தது. வேறொரு மாதத்துக் கட்டுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாடா என்று டீ வரவழைத்துக் குடித்தேன். அப்புறம்தான் டிராயரைத் திறந்தேன்.

அவரிடமிருந்து பதினொரு மிஸ்டு கால்கள். முதல் அழைப்பு இரண்டு மணிக்குக் கொஞ்சம் பிந்தி. கடைசி அழைப்பு மூன்று மணி ஆவதற்குள்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். அவர் வீட்டுச் சந்து முனையிலேயே ஆட்கள் நின்றிருந்தார்கள். என் பையைப் பார்த்ததும் வழி விட்டார்கள். கழுத்து ரத்தக் குழாய் உடைந்துவிட்டது. இந்த மாதிரி நோயில் அப்படி ஆகலாம் என்று எங்களுக்கு முன்பே தெரியும். முதலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. அந்த நேரத்தில்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். பிறகு ஒரேயடியாக வந்துவிட்டது. அவர் மனைவி வேலையிலிருந்து வந்து பார்த்தபோது சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாராம். போன் கையிலேயே இருந்திருக்கிறது.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. தெருவில் புரண்டு அழுது, ஏன் வரவில்லை என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால்கூடத் தேவலை. “ஒங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும் சிஸ்டர்” என்றார். அவர் கணவரின் உடம்பைத் துடைத்து வேறு வேட்டி கட்டுவதற்கு மட்டும் கூட இருந்து உதவினேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. மிச்சமிருந்த வலி மாத்திரை அட்டைகள், பிரிக்காத பால் பவுடர் டின் ஒன்று, புதுக் குழாய் ஒன்று. “வேற யாருக்காச்சும் ஆவும்ல” என்று மேஜைமேல் எடுத்து வைத்தார். அந்த வலி மாத்திரை போதை மருந்து வகை, திரும்பி வந்தால் எண்ணிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். சட்டம் அப்படி. அவர் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, எழுந்து போகும்போது சொன்னார். “எனக்கு ஒரு போனுகூடப் போடல சிஸ்டர் அவரு. வேலை நேரத்துல போன் வந்தா சூப்பர்வைசர் கத்துவான்னு அவருக்குத் தெரியும். அதான் உங்களுக்கே போட்டிருக்காரு.”

அவர் படியிறங்கிப் போனார். பிறகு உள்ளே போய் டாக்டர் அம்மாவிடம் என் போனை நீட்டி, அழித்துவிடாமல் வைத்திருந்த அந்தப் பதினொரு அழைப்புகளையும் காட்டினேன். அதுவரை அவருக்கே தெரியாது.

“நீ போயிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதும்மா. அது உனக்கே தெரியும்.”

“தெரியும் மேடம். ஆனா பக்கத்துல இருந்திருக்கலாம். ஊசி போட்டுத் தூங்க வெச்சிருக்கலாம். கையைப் பிடிச்சிருக்கலாம். பத்து நிமிஷ தூரம் மேடம்.”

“சாக்கும்மா, போதும்” என்றார் பாதிக் கன்னடத்தில். “இனிமே கணக்கு உங்கிட்ட வேணாம். வெளியில கொடுத்துடறேன்.”

“இது எனக்குத் தண்டனையா மேடம்?”

“நீ நர்ஸ். அதை நானே மறந்துபோய்ட்டேன். தண்டனைன்னா எனக்குத்தான்.”

இப்படித்தான் எங்கள் கணக்கு பிரேசர் டவுனில் இருந்த ஒரு சின்ன அலுவலகத்துக்குப் போனது. கடைகள், கிளினிக்குகள், இரண்டு மூன்று அறக்கட்டளைகள் ஆகியவற்றுக்கு மாதச் சம்பளம் மாதிரி வாங்கிக்கொண்டு கணக்கு எழுதிக் கொடுக்கிறவர்கள் அவர்கள். எங்கள் வேலையைப் பார்த்தது ஓர் இளம் பெண். அந்தப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பம் என்று பிறகு தெரிந்தது. பல மாதம் நாங்கள் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. போனில் கேட்கும் ஒரு மெல்லிய குரல், அவ்வளவுதான்.

அவள் வந்த பிறகு ஒரு ஒழுங்குமுறை வந்தது. நர்ஸ்கள் மருந்தோ பஞ்சோ வாங்கிய இடத்திலேயே பில்லைப் படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும். எந்த நோயாளிக்கு என்று அதன்மேல் எண் போட வேண்டும். பெயரும் முகவரியும் வெளியே போகக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்ததால், ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்திருந்தோம். மாதம் முடிந்த ஐந்தாம் நாள், பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறிக்கை தயாராக இருக்கும். நான் வருடக் கடைசியில் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு செய்த வேலை அது. கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லி அதே கம்பெனி இரண்டாவது வேனும் தந்தது. நான் மறுபடி வாரத்தில் ஐந்து நாளும் வீடுகளுக்குப் போனேன்.

இவ்வளவு நல்லது நடந்தும், உண்மையைச் சொன்னால், எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அவள் குரலைக் கேட்டாலே, இதை அந்த டிசம்பரிலேயே செய்திருக்கலாமே என்று எனக்குள்ளே ஏதோ குத்தும். அந்தக் கோபத்தை அவள்மேல் காட்டுவேன். ‘சிஸ்டர், ரெண்டு பில்லு தெளிவா தெரியல’ என்பாள். ‘வெயில்ல நின்னு எடுக்கறோம், ஸ்டுடியோவுலயா எடுக்கறோம்’ என்று வெடுக்கென்று சொல்வேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டாள்.

“சிஸ்டர், ஒரு டவுட்டு. நாப்பத்தேழாம் நம்பருக்கு வாரா வாரம் காஸ் துணி, பஞ்சு, புண்ணுக்குப் போடற பவுடர்னு பில்லு வரும். மூணு வாரமா ஒண்ணுமே வரல. தவறிட்டாங்கன்னா அந்தக் கணக்க மூடணும். ஆனா நீங்க அனுப்பின லிஸ்ட்ல அப்படி இல்ல. அதான் மூடறதுக்கு முன்னாடி கேட்டுக்கலாம்னு.”

“அந்த ஏரியா நர்ஸ்கிட்ட விசாரிச்சுச் சொல்றேன்” என்று வைக்கப் போனேன்.

“சிஸ்டர், ஒரு நிமிஷம். இன்னிக்கே கேக்கறீங்களா?” அவள் தயங்கினாள். “எங்க அத்தைக்கு இதே மாதிரி புண்ணு இருந்துச்சு. அது தானா ஆறாதில்ல? அப்புறம் எப்படித் திடீர்னு காஸ் துணி வேணாம்னு ஆவும்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுப் பட்டியலைப் பார்த்தேன். பீன்யா பக்கம் போய்க்கொண்டிருந்த நர்ஸ் கல்யாணமாகி மைசூருக்குப் போய்விட்டிருந்தாள். அவள் பார்த்த நோயாளிகளை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தோம். இந்த ஒரு எண் மட்டும் இரண்டு பட்டியலிலும் இல்லை. அவர் பார்க்கிறார் என்று இவரும், இவர் பார்க்கிறார் என்று அவரும் இருந்துவிட்டார்கள். பிரித்துக் கொடுத்தது யார்? நான்தான்.

வேனை எடுக்கச் சொல்லிக் கிளம்பினேன். பீன்யாவில் ஒரு தொழிற்சாலைக்குப் பின்புறம் வரிசையாக ஷீட் போட்ட அறைகள். கடைசி அறைக்கு வெளியே நான்கைந்து ஊதுபத்திகளைக் கொத்தாகக் கொளுத்தி வைத்திருந்தார்கள். அதையும் மீறிக்கொண்டு வந்தது நாற்றம். நர்ஸுக்கு அது என்ன என்று தெரியும்.

உள்ளே இருந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மார்பில் புற்றுநோய். புண் பெரிதாகத் திறந்துவிட்டது. பழைய சேலையைக் கிழித்து, கொதிக்க வைத்துக் காயப்போட்டு, அதையே திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். புருஷன் மூட்டை தூக்கும் வேலை. ஒரே மகள் கார்மென்ட்ஸ் கம்பெனியில். இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் நெஞ்சை இழுத்து மூடிக்கொண்டார்.

“வந்துட்டியா சிஸ்டரு? நாந்தான் இன்னாவோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா? நம்பர் குடுத்திருந்தோமே?”

“ஓசியில எவ்ளோ நாளு செய்வீங்க? எங்கள விடக் கஷ்டத்துல ஆரோ இருப்பாங்க, அங்க போயிருப்பாங்கன்னு இருந்துட்டேன்.”

அந்தத் துணியைப் பிரித்துப் புண்ணைச் சுத்தம் செய்ய ஒன்றரை மணி நேரம் ஆனது. நல்ல வேளையாக அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் நானே போனேன். பவுடர் போட்டு, கரித்தூள் வைத்த பட்டையால் கட்டியதில் நாற்றம் குறைந்தது. வெளியே ஊதுபத்தி கொளுத்துவதை நிறுத்தினார்கள். பக்கத்து அறைப் பெண் முதல்முறையாக உள்ளே வந்து உட்கார்ந்து பேசினாள். அப்போதுதான் அந்த அக்கா ஒரு விஷயம் சொன்னார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க விடாமல் இவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். “மூக்க மூடிக்கினு நிப்பாங்க. எம்பொண்ணுக்கு அது வேணாம். நான் போய்ச் சேந்த அப்புறம் வெச்சிக்கலாம்னு இருந்தேன்.” மகளோ, அம்மா இல்லாமல் நிச்சயமே வேண்டாம் என்று அடம்பிடித்தாளாம்.

அந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்திலிருந்த சின்ன ஹாலில் நிச்சயதார்த்தம் நடந்தது. காலையில் போய் இரண்டு அடுக்காகக் கட்டுப்போட்டு, புடவை கட்டிவிட்டேன். கிளம்புகிற நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வாசன வருதா சிஸ்டரு? உண்மைய சொல்லு.”

“மல்லிப்பூ வாசனைதான்க்கா வருது” என்றேன். நிஜமாகவே அதுதான் வந்தது. ஒரு மணி நேரம் முன் வரிசை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சம்பந்தி அம்மாள் வந்து குனிந்து கட்டிப்பிடித்தபோது, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஐந்து வாரம் இருந்தார். கடைசி நாள் மத்தியானம் மூச்சு மாறிவிட்டது என்று மகள் போன் செய்தாள். அரை மணி நேரத்தில் போய்விட்டேன். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் நான். வலி இல்லை, தூக்கம் மாதிரிதான் இருந்தது. புருஷன் காலடியில் உட்கார்ந்து பாதத்தை நீவிக்கொண்டே இருந்தார். முடிந்துபோன பிறகும் கொஞ்ச நேரம் நீவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பிரேசர் டவுனுக்குப் போன் செய்தேன். “நாப்பத்தேழாம் நம்பர மூடிடும்மா” என்றேன். அதுவரைக்கும் அவளை ‘அம்மா’ என்று அன்பாக நான் அழைத்ததில்லை.

“அவங்க பேரு என்ன சிஸ்டர்?” என்றாள்.

சொல்லக் கூடாது என்பது நானே போட்ட விதி. சொன்னேன். அந்தப் பெயரை அவள் ஒரு தடவை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். “அல்லா அவங்கள நல்லா வெச்சுக்கட்டும்” என்றாள். அவள் விசும்புவது கேட்டது. பில்களைத் தவிர அவரைப் பற்றி வேறெதையும் பார்க்காத பெண் அவள். நானும் அழுதேன். மார்ச் மாதத்திலிருந்து அழாமல் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. பதினொரு மிஸ்டு கால் கதையை அவளிடம் சொன்னேன். அவள் எந்த ஆறுதலும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். அது போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் அவள் முதல்முறையாக எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். நான் நினைத்திருந்ததைவிட ரொம்பச் சின்னப் பெண். எந்தெந்த எண்ணுக்கு இரண்டு வாரமாக ஒரு செலவும் இல்லையோ, அவற்றை மட்டும் தனியாக எடுத்து மாதம் இரண்டு தடவை அனுப்பட்டுமா என்று கேட்டாள். இன்றுவரை அனுப்புகிறாள். அந்தப் பட்டியல் வந்ததும் முதல் வேலையாக அந்த வீடுகளுக்குத்தான் போகிறோம். பெரும்பாலும் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். சில சமயம், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார்கள்.

ஆடுகோடியில் இருந்த அந்த மனிதரின் மனைவி வீடு மாறிப் போய்விட்டார். எங்கே என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் என்னைத் திட்டியிருக்கமாட்டார் என்பதுதான் ரொம்ப வலிக்கிறது.

கூப்பிட்டும் நான் போகாத ஒருவர், கூப்பிடவே கூப்பிடாத ஒருவர், இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்கள் இரண்டு பேரும்தான் என்பதையும், அதை நான் போய்ச் சொல்ல அவர்கள் இரண்டு பேருமே இப்போது இல்லை என்பதையும் நினைக்காமல் இன்றைக்கும் என்னால் ஒரு வீட்டின் கதவைத் தட்ட முடிவதில்லை.